வகுப்பறையில் கவனத்தின் பங்கீடு: குடும்ப நிலையும் ஆசிரியர் பார்வையும்

ஒரு பிள்ளையின் கல்வித் தேர்ச்சியைத் தீர்மானிப்பது வீடா, பள்ளியா என்ற கேள்வி கல்விச் சமூகவியலில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. கேள்வி அமைந்துள்ள விதத்திலேயே ஓர் அனுமானம் அடங்கியிருக்கிறது. பெற்றோரின் வருமானமும் படிப்பும் தொழிலும் பள்ளி வாசலோடு நின்றுவிடும், அதற்குமேல் ஆசிரியர் என்ற தனிக் காரணி செயல்படத் தொடங்கும் என்பதே அந்த அனுமானம். வகுப்பறைக்குள் மாதக்கணக்கில் அமர்ந்து கவனித்த ஆய்வாளர்களின் பதிவுகள் இதற்கு இடம் தரவில்லை. ஆசிரியர் யார் முகம் பார்த்துப் பேசுகிறார், யாரிடம் கேள்வி கேட்கிறார், யாருடைய நோட்டை நின்று திருத்துகிறார் என்பவற்றின் வழியாகவே குடும்பத்தின் நிலை பள்ளிக்குள் நுழைகிறது. ஆகவே குடும்ப நிலை, ஆசிரியர் கவனம் ஆகிய இரண்டையும் தனித்தனிக் காரணிகளாக நிறுத்தி எடைபோடும் முயற்சி தொடக்கத்திலேயே பிழைபட்டது எனலாம்.

சமூகப் பொருளாதார நிலை என்று ஆய்வாளர்கள் குறிப்பது பண வசதியை மட்டுமன்று. பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், என்ன தொழில் செய்கிறார்கள், வருமானமோ சொத்தோ எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்த அளவீடு அது. இந்தியாவில் சாதியைச் சேர்க்காமல் அந்த அளவீடு முழுமை பெறாது. ஆசிரியர் கவனம் என்பதும் பரிவு, அக்கறை போன்ற மனநிலையைக் குறிப்பதன்று. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு நேரடியாகக் கிடைக்கும் கற்பித்தல் நேரம், பதில் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு, தவறு திருத்தப்படும் தடவைகள், அந்தப் பிள்ளையால் எவ்வளவு முடியும் என்று ஆசிரியர் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பு ஆகியவை அதில் அடங்கும். முதல் மூன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கவை; அதனால்தான் கவனத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள முடிகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளையைச் சமமாகப் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு எண்பது விநாடி கிடைக்கும். நடைமுறையில் அது ஒருபோதும் சமமாகப் பகிரப்படுவதில்லை.

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இட்ட கட்டளைப்படி ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்த ஆய்வு, ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து, 1966இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கட்டடம், நூலகம், ஆய்வுக்கூடம், ஒரு மாணவருக்கான செலவு ஆகியவற்றில் பள்ளிக்குப் பள்ளி இருந்த வேறுபாடுகள், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, மதிப்பெண் வேறுபாட்டை மிகக் குறைவாகவே விளக்கின என்பது அதன் முடிவு. பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்ற சோர்வான வாசகமாக இம்முடிவு உலகெங்கும் பரவியது. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. பள்ளி சார்ந்த காரணிகளுள் ஆசிரியரின் தரமே மற்றவற்றைவிட அதிகம் பொருட்படுத்தத்தக்கது என்றும், பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகப் பயன்பட்டது என்றும் அதிலேயே குறிப்பு உண்டு. அதைவிட முக்கியமான ஒரு வரம்பும் அந்த ஆய்வுக்கு இருந்தது. கேள்வித்தாள் வழியாக எண்ணக்கூடியவற்றையே அது எண்ணியது. ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளுக்கு ஒரே பள்ளி கிடைக்கிறதா என்று அது பார்க்கவில்லை.

ஹெய்ன்மனும் லாக்ஸ்லியும் 29 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 1983இல் வெளியிட்ட கட்டுரை கோல்மன் முடிவின் எல்லையைச் சுட்டியது. நாடு ஏழ்மையானதாக இருக்க இருக்க, தொடக்கப்பள்ளித் தேர்ச்சியில் குடும்ப நிலையின் பங்கு குறைந்து பள்ளியின், ஆசிரியரின் பங்கு கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். 1990களின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட பிற்கால ஆய்வுகளில் இந்த வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. ஏழை நாடுகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கிய பிறகு, பள்ளிக்குள் நிகழும் பங்கீடே வேறுபாட்டின் களமாகிவிட்டது என்ற விளக்கம் இதற்குப் பொருந்தி வருகிறது.

அந்தப் பங்கீடு எப்படித் தொடங்குகிறது என்பதை ரே ரிஸ்ட் 1970இல் வெளியிட்ட ஆய்வு அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய ஆய்வுகள் சில மட்டுமே. செயின்ட் லூயிஸ் நகரில், மாணவர்களும் ஆசிரியர்களும் கறுப்பினத்தவராகவே இருந்த ஒரு பள்ளியின் மழலையர் வகுப்பை அவர் முதல் நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தார். வகுப்பு தொடங்கிய எட்டாம் நாளில் ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிலையாக அமர்த்தினார். அதற்கு முன் எந்தத் தேர்வும் நடத்தப்படவில்லை. எந்தெந்தக் குடும்பங்கள் அரசு உதவித்தொகை பெறுகின்றன என்ற பட்டியல், சேர்க்கைப் படிவம், தாயாரிடம் பேசிக் கிடைத்த செய்திகள், அண்ணன் அக்காக்களைப் பற்றிச் சக ஆசிரியர்கள் சொன்னவை ஆகியவையே அதுவரை ஆசிரியைக்குக் கிடைத்திருந்த தகவல்கள். உடையும் பேச்சும் நேர்த்தியாக இருந்த, பெற்றோர் ஓரளவு படித்திருந்த பிள்ளைகள் ஆசிரியைக்கு அருகிலிருந்த முதல் மேசைக்குச் சென்றனர். மற்றவர்கள் தொலைவிலிருந்த மேசைகளுக்குச் சென்றனர். கரும்பலகையில் எழுதுவதும் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் முதல் மேசையை நோக்கியே நடந்ததால், மூன்றாம் மேசைப் பிள்ளைகள் பலகையைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாத நிலையில் இருந்தனர்.

அடுத்த ஆண்டு முதல் வகுப்பில், பின்மேசைகளில் இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட முன்மேசைக்கு வரவில்லை. ஆண்டு முழுதும் குறைவான பாடம் பெற்றதால் அவர்கள் உண்மையாகவே குறைவாக அறிந்திருந்தனர். எட்டாம் நாள் கணிப்பு அதன் மூலம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொண்டது. இரண்டாம் வகுப்பில், வாசிப்புத் தேர்வு மதிப்பெண் என்ற ஐயத்துக்கிடமற்ற சான்றின் அடிப்படையில் குழுக்கள் பிரிக்கப்பட்டபோது, முதலில் குடும்பத்தைப் பற்றிய மதிப்பீடாக இருந்தது பிள்ளையின் திறனைப் பற்றிய பதிவாக மாறியிருந்தது. கடைசிக் குழுவுக்கு அந்த வகுப்பில் இடப்பட்ட பெயர் 'கோமாளிகள்'. ஆசிரியையும் அதே இனத்தவர் என்பதால் இதனை இனவெறுப்பாகக் கொள்ள முடியாது. வர்க்கத்தின் அடையாளங்களைத் திறனின் அடையாளங்களாகப் படித்த பிழை இது.

எதிர்பார்ப்பின் ஆற்றலைப் பற்றிப் பொதுவாசகர் அறிந்த ஆய்வு, 1968இல் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் நூலாக வெளியிட்ட சோதனையாகும். குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களை, விரைவில் மலரப்போகும் திறனுடையவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னபோது, கீழ்வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் கூடியதாக அவர்கள் காட்டினர். இச்சோதனை இன்றுவரை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது. இவ்வகைச் சோதனைகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்த ஸ்டீபன் ராடன்புஷ், ஆசிரியர் மாணவரை இரண்டு வாரங்களுக்கு மேல் அறிந்திருந்தால் வெளியிலிருந்து தரப்படும் பொய்த்தகவல் ஏறக்குறைய ஒரு விளைவையும் உண்டாக்கவில்லை என்று 1984இல் காட்டினார். இம்முடிவு ரிஸ்ட்டின் கண்டுபிடிப்பைப் பலவீனப்படுத்துவதாகத் தோன்றினாலும் உண்மையில் அதற்கு வலுச்சேர்க்கிறது. ஆசிரியரின் கணிப்பு முதல் இரண்டு வாரங்களுக்குள் உறைந்துவிடுகிறது, அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் பிள்ளையின் வீட்டைப் பற்றியதே என்பதை இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது உணரலாம்.

கவனம் ஆசிரியரால் வழங்கப்படுவது மட்டுமன்று, பிள்ளையால் கேட்டுப் பெறப்படுவதும் ஆகும். சமூகவியலாளர் பியர் பூர்தியே பண்பாட்டு மூலதனம் என்று அழைத்தது, பள்ளி மதிக்கின்ற பேச்சு, பழக்கம், நடத்தை ஆகியவற்றைக் குடும்பமே முன்கூட்டித் தந்துவிடும் நிலையை. அனெட் லரோ 2003இல் வெளியிட்ட நூலில், நடுத்தர வர்க்கப் பெற்றோர் பெரியவர்களிடம் கேள்வி கேட்கவும் வாதாடவும் பிள்ளைகளைப் பழக்குவதையும், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் அடக்கத்தையும் மரியாதையையும் கற்பிப்பதையும் விரிவாக எழுதினார். ஜெசிக்கா கலார்கோ 2011இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை வகுப்பறையில் பின்தொடர்ந்தது. புரியாத இடத்தில் நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் ஆசிரியரிடம் எழுந்து சென்றோ, பேச்சில் குறுக்கிட்டோ உதவி கேட்டனர். மற்றவர்கள் தொல்லை தரக்கூடாது என்று தாமே தடுமாறிக்கொண்டிருந்தனர். கேட்டவர்களுக்கே உதவி விரைவாகவும் அதிகமாகவும் கிடைத்தது. ஆசிரியர் எவரையும் ஒதுக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் முகம் கோணாமல் உதவினாலும்கூடப் பங்கீடு ஏற்றத்தாழ்வாகவே முடியும் என்பது இதிலிருந்து பெறப்படும் சங்கடமான உண்மை. 'டீச்சர் கிட்ட வாயாடாதே' என்று சொல்லி அனுப்பப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாமல் போகக் காரணமில்லை.

இந்தியாவில் இதனோடு சாதி சேர்கிறது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் எழுதிய உண்மையான விடைத்தாள்களின் முகப்பில் சாதி, பாலினம், வயது ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தத் தந்தனர். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்கள் 0.03 முதல் 0.08 திட்ட விலக்கம் வரை குறைவான மதிப்பெண் பெற்றன. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அலகு; கல்வி ஆய்வுகளில் 0.1 சிறிய விளைவாகவும் 0.3 கணிசமான விளைவாகவும் கொள்ளப்படும். அந்த அளவுகோலில் மேற்கண்ட பாகுபாடு சிறிதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த திருத்துநர்களிடமிருந்தே வந்தது என்ற முடிவு, பாகுபாட்டை மேல்சாதி ஆசிரியரின் தீயெண்ணமாக மட்டும் விளக்கும் எளிய கதையைக் கலைத்துவிடுகிறது. பிள்ளையின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தவர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும். உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் அவர்கள் நடத்திய புதிர்ப்பாதைச் சோதனையில், சாதி அறிவிக்கப்படாதவரை தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் பிறருக்கு ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர். பெயரோடு சாதியும் உரக்க வாசிக்கப்பட்டபோது அவர்களது தேர்ச்சி வெகுவாகச் சரிந்தது.

தீயெண்ணம் இன்றியே கவனத்தை முன்வரிசைக்கு இழுத்துச் செல்லும் பெரிய விசை பாடத்திட்டமாகும். குறித்த தேதிக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கும் ஆசிரியர், பாடம் எட்டும் பிள்ளைகளை நோக்கிப் பேசியே நகர முடியும். நான்காம் வகுப்பில் அமர்ந்து இரண்டாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்காக நின்றால் பாடம் நிற்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு, விட்டுப்போன பாடத்தை மாலையில் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. படித்த தாயோ டியூஷனோ உள்ள பிள்ளைக்கு உண்டு. அசர் என்ற நாடு தழுவிய கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்பு, 2022இல் முதல் எட்டு வகுப்புகளில் படிப்போரில் பத்தில் மூவர் கட்டணம் செலுத்தி டியூஷன் படித்ததாகத் தெரிவித்தது. அவர்கள் வகுப்பில் எளிதாகப் பதில் சொல்வதால் ஆசிரியரின் வேகத்தைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே ஆகின்றனர்.

தமிழ்நாட்டு நிலையை விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் ஒரு வரியிலிருந்து தொடங்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. ஆசிரியருக்கு முப்பது பேர் என்ற விகிதம் தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்க வேண்டியிருப்பதால், ஒரு பாடவேளையில் ஒரு வகுப்புக்குக் கிடைக்கும் நேரடிக் கற்பித்தல் பாதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்கிறது. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் மீதியும் இல்லை. வசதியுள்ள குடும்பங்கள் ஆங்கில வழித் தனியார் பள்ளிகளுக்கு நகர நகர, இச்சிறிய பள்ளிகளில் எஞ்சுவோர் வீட்டில் உதவி மிகக் குறைவாகப் பெறும் பிள்ளைகள். கவனம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடமும் மிக மெலிதாகப் பகிரப்படும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறினாலும், பள்ளி, மாணவர் விவரங்களைத் திரட்டும் எமிஸ் என்ற அரசுத் தளத்தில் பதிவேற்றும் வேலை பள்ளிப் பணி என்ற கணக்கிலேயே சேர்வதால் அந்தத் தடைக்குள் வருவதில்லை.

ஒரே ஆசிரியர் பல நிலைப் பிள்ளைகளைச் சமாளிக்கும் சிக்கல் இம்மண்ணுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வளர்த்தெடுத்து 1797இல் லண்டனில் நூலாக்கினார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் ஏழைகளுக்கான பள்ளிகளில் பரவியது. மலிவாக இருந்ததே அதன் முதன்மைக் கவர்ச்சி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் விரிந்த செயல்வழிக் கற்றல் இச்சிக்கலை வேறொரு வழியில் அணுகியது. ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான மாதிரியைத் தழுவி, பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏற வழி செய்யப்பட்டது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார், கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. முன்வரிசை, பின்வரிசை என்ற அமைப்பே இல்லாமற் போனதுதான் இதில் மிகப் பெரிய மாற்றம்; அட்டைகள் குறித்து நடந்த விவாதத்தில் ஒரு பங்குகூட இதைக் குறித்து நடக்கவில்லை. பின்னர் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அப்போதைய கற்றல் நிலையின்படி பிரிக்கிறது. செயின்ட் லூயிஸின் மூன்று மேசைகளை இது நினைவூட்டக்கூடும். பிரிவு எதன் அடிப்படையில் அமைகிறது, பிள்ளை ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு உண்மையில் நகர்கிறதா, கீழ்நிலைக் குழுவுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறதா என்ற மூன்றும்தான் இரண்டையும் வேறுபடுத்துபவை. மூன்றாவது தவறினால் பெயர்கள் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் விளைவு பழையதே.

கவனத்தைத் திட்டமிட்டு மடைமாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான சான்றுகள் கிடைத்துள்ளன. அங்கன்வாடி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை அமர்த்திப் பார்த்த சோதனையில், கற்பித்தல் நேரம் இருமடங்கானது. பதினெட்டு மாதங்களில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவுக்குப் பிள்ளைகள் முன்னேறினர். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு இன்னும் தெளிவானது. 2021 டிசம்பரில் பிள்ளைகள், 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.73, தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தனர். பள்ளி மூடியிருந்த காலத்தில் வீடு மட்டுமே எஞ்சியதால் இழப்பு எளிய குடும்பங்களில் அதிகமாக இருந்தது. பள்ளிகள் திறந்த ஆறே மாதங்களில் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சி பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளிடமே கூடுதலாக நிகழ்ந்தது. மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம், 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள், மாலை நேரத்தில் சிறு குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. படித்த தாய் உள்ள வீட்டில் மாலையில் நடப்பது, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெருவில் நடந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இதனால் வறுமையைக் கவனத்தால் மட்டும் ஈடுகட்டிவிடலாம் என்று ஆகிவிடாது. பசியோடு வரும் பிள்ளைக்கு எண்பது விநாடியை இருநூறாக்கினாலும் பயன் சிறிதே. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகத் தொடங்கி, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவுவரை வந்துள்ள தொடர்ச்சி இந்த அறிதலின் மேல் நிற்கிறது. தேர்ச்சி விகிதத்தால் பள்ளி அளக்கப்படும் இடங்களில் கவனத்தின் போக்கும் மாறிவிடுகிறது. டெக்சாஸ் பள்ளி ஒன்றை ஆராய்ந்த ஜெனிஃபர் பூஹர் ஜென்னிங்ஸ், தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாணவர்களிடமே உழைப்பு குவிவதையும், கோட்டுக்கு வெகு கீழே இருப்பவர்கள் கைவிடப்படுவதையும் 2005இல் பதிவுசெய்தார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கப்படும் எந்தப் பள்ளியிலும் இந்தக் கணக்கு போடப்படாமல் இருக்க வாய்ப்பில்லை. அங்கே கைவிடப்படுவோர் யார் என்று பின்னோக்கித் தேடினால், பெரும்பாலும் முதல் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்தவர்களிடமே போய்ச்சேர நேரும்.

கூடுதல் கவனம் நிறுத்தப்பட்டால் அதன் பயன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு மும்பை, வடோதரா நகராட்சிப் பள்ளிகளில் பிரதம் அமைப்பு நடத்திய பால்சகித் திட்டத்தின் கணக்கு உண்டு. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அதே பகுதி இளம்பெண்கள் அடிப்படைப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2007இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்க முன்னேற்றம் கிடைத்தது. அது பெரும்பாலும் மிகப் பின்தங்கிய பிள்ளைகளுக்கே கிடைத்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, அந்தப் பிள்ளைகள் மீண்டும் வழக்கமான வகுப்பில், வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தனர். முன்னேற்றம் ஏறத்தாழ 0.10ஆகக் குறைந்திருந்தது.